இருப்பும் இயக்கமும்: திரைக்காப்பு நிரல்களின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

சாமராஜநகர் மாவட்டத்துப் பிளிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகரின் பேச்சை ஒலிப்பதிவு செய்து, அதனை எழுத்தில் பெயர்க்கும் பணியை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கள ஆய்விலிருந்து திரும்பிய மொழியியல் மாணவர் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு, திரையில் நகரும் ஒலியலையைப் பார்த்தவாறு கேட்கிறார். ஒரு சொல்லின் இறுதி உயிர் நெடிலா குறிலா என்று துணிய அதே பகுதி திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. அவர் கை விசைப்பலகையைத் தொடுவதில்லை; சுட்டியும் அசைவதில்லை. சில நிமிடங்களில் திரை இருண்டுவிடுகிறது. கணினியின் கணக்கில் அங்கு யாரும் இல்லை. உண்மையில் அந்த அறையில் மிகுந்த கவனத்தோடு ஒருவர் வேலை செய்துகொண்டிருக்கிறார்.

எரிச்சலூட்டும் சிறு இடையூறு என்று இதனைக் கடந்துவிடுவது எளிது. ஆனால் இதற்குள் ஒரு வரலாற்று வினா இருக்கிறது. மனிதர் ஒருவர் இயந்திரத்தின் முன் இருக்கிறாரா என்பதை யார் முடிவு செய்வது? பயனரா, அவர் இயக்கும் நிரலா, இயக்குதளமா, அல்லது அக்கணினியை உடைமையாகக் கொண்ட நிறுவனமா? திரைக்காப்பு நிரல்களின் நாற்பதாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு, இந்த அதிகாரம் ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு மாறிய வரலாறாகும்.

தொடக்கத்தில் காரணம் முழுவதும் பொருளியல்பு சார்ந்தது. எதிர்மின் கதிர்க்குழாய்த் திரையின் உட்புறம் பாஸ்பர் பூசப்பட்டிருக்கும். எலக்ட்ரான் கற்றை படும் இடத்தில் அப்பூச்சு ஒளிரும். ஒரே எழுத்து ஒரே இடத்தில் நாள்கணக்கில் ஒளிர்ந்தால் அவ்விடத்துப் பூச்சு மட்டும் விரைவில் தேயும். பின்னர் திரையை அணைத்தாலும் அவ்வெழுத்தின் நிழல் தெரியும். வங்கிகளிலும் நிலையங்களிலும் பழைய ஒற்றை வண்ணத் திரைகளில் பட்டியலின் கோடுகள் நிலையாகப் பதிந்துபோயிருந்ததைக் கண்டவர் பலர். தேய்மானத்தைத் தடுக்க இரண்டே வழிகள் இருந்தன: திரையை இருளாக்குவது, அல்லது படத்தை இடம்மாறவும் நிறம்மாறவும் செய்வது.

1979இல் விற்பனைக்கு வந்த அடாரி 400, அடாரி 800 ஆகிய வீட்டுக் கணினிகள் இரண்டாம் வழியைத் தேர்ந்தன. அவற்றின் நினைவகத்தில் 77 என்னும் முகவரி இதற்கென ஒதுக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ நான்கு விநாடிக்கு ஒருமுறை அங்குள்ள எண்ணை இயக்குதளம் ஒன்று கூட்டும். விசைப்பலகையில் ஏதேனும் ஒரு விசை அழுத்தப்பட்டால் எண் சுழியத்துக்குத் திரும்பும். யாரும் எதையும் தொடாமல் எண் 128ஐ எட்டினால், அதாவது ஒன்பது நிமிட அளவு கழிந்தால், திரையின் நிறங்கள் தாமாகவே மாறத் தொடங்கும்.

இந்த எளிய ஏற்பாட்டில் ஒரு பிழை ஒளிந்திருந்தது. விளையாட்டுக்கான கைப்பிடியை அசைப்பதை இயக்குதளம் செயலாகக் கணக்கில் கொள்ளவில்லை. விசைப்பலகையை மட்டுமே அது கவனித்தது. எனவே கைப்பிடியைக் கொண்டு மும்முரமாக விளையாடிக்கொண்டிருப்பவரின் திரையிலும் நிறங்கள் பிறழ்ந்தன. நிரலாளர்கள் இதற்குக் கண்ட தீர்வு ஒற்றை வரியில் அமைந்தது. பேசிக் மொழியில் ‘போக் 77,0’ என்று எழுதி, அந்த முகவரியில் அவ்வப்போது சுழியத்தை இட்டுக்கொண்டே இருந்தனர். ஒரு நிரல் திரைக்காப்பைக் கட்டுப்படுத்தியதற்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் இது ஒன்று. ‘இங்கே ஆள் இருக்கிறார்’ என்று பயனரின் சார்பாக நிரல் சாட்சி சொன்னது. இயக்குதளம் வினவாமல் அதனை ஏற்றது. சோலிகர் பேச்சைக் கேட்கும் மாணவரின் இடரும் அந்த விளையாட்டாளரின் இடரும் ஒன்றே: இயந்திரம் அறிந்த செயல்களின் பட்டியலில் அவர்களுடைய செயல் இடம்பெறவில்லை.

1983 திசம்பரில் ஐபிஎம் கணினிகளுக்கான சாஃப்ட்டாக் இதழில் ஜான் சோக்கா எழுதிய ‘ஸ்க்ரன்சேவ்’ என்னும் சிறு நிரல் வெளியானது. மூன்று நிமிடம் யாரும் எதையும் தொடாவிட்டால் அது திரையை இருளாக்கும். அந்த மூன்று நிமிடத்தை மாற்ற வேண்டுமெனில் மூலநிரலைத் திருத்தி மீண்டும் தொகுக்க வேண்டும். அதே ஆண்டில் வெளிவந்த ஆப்பிள் லிசா, அந்தக் கால அளவைப் பயனரே அமைத்துக்கொள்ள இடம் தந்தது. நேர எல்லையை வகுக்கும் உரிமை நிரலாளருக்கு உரியதா பயனருக்கு உரியதா என்னும் வேறுபாடு ஓராண்டின் இரு கருவிகளிலேயே தெரிந்துவிடுகிறது.

ஒரே திரையில் பல நிரல்கள் ஒருங்கே இயங்கும் சாளர முறைமைகள் வந்தபின் சிக்கல் பெருகியது. 1987இல் வெளியான எக்ஸ் சாளர முறைமையின் பதினொன்றாம் பதிப்பு, திரைக்காப்பைச் சேவையகத்தின் பொறுப்பாக்கியது. நேர எல்லையை அமைக்கவும், காப்பை உடனே தொடங்கவும், கணக்கைச் சுழியத்துக்குத் திருப்பவும் நிரல்களுக்குத் தனித்தனிக் கட்டளைகள் வழங்கப்பட்டன. 1992இல் வந்த விண்டோஸ் 3.1 வேறொரு வழியை மேற்கொண்டது. அங்குத் திரைக்காப்பு என்பது பெயரின் பின்னொட்டு மாற்றப்பட்ட ஒரு சாதாரண இயங்கு நிரலே. அதனைத் தொடங்கும் முன் இயக்குதளம், அப்போது முன்னணியில் உள்ள சாளரத்துக்கு ஒரு செய்தி அனுப்பும். அந்நிரல் செய்தியை மேலே செல்ல விடாமல் சுழியத்தை விடையாகத் தந்தால் காப்பு தொடங்காது.

இதனை ஓர் உரையாடலாகக் காணலாம். ‘தொடங்கலாமா?’ என்று இயக்குதளம் கேட்கிறது. ‘வேண்டா’ என்று நிரல் மறுக்கிறது. ஆயினும் கேள்வி முன்னணிச் சாளரத்திடம் மட்டுமே கேட்கப்பட்டது. பின்னணியில் நிகழ்படம் ஓட்டும் நிரலுக்கு வாய்ப்பே இல்லை. ஆகவே பல நிரல்கள் மற்றொரு வழியை நாடின. முறைமை அளவுருக்களை மாற்றும் கட்டளை வழியாகத் திரைக்காப்பை முழுவதுமாக அணைத்துவிட்டு, தம் பணி முடிந்ததும் மீண்டும் இயக்கின. இடையில் அந்நிரல் முறிந்து நின்றால் திரும்ப இயக்குவதற்கு யாரும் இல்லை. பயனரின் விருப்ப அமைப்பு அவர் அறியாமலே மறைந்துவிடும். தனக்கு மட்டும் ஒரு விலக்கு வேண்டிய நிரல், அனைவருக்குமான விதியையே நீக்கியது என்பதே இங்குள்ள குறை.

இதற்கிடையில் திரைக்காப்பு ஒரு கேளிக்கைப் பொருளாகவும் வளர்ந்தது. பெர்க்லி சிஸ்டம்ஸ் 1989இல் வெளியிட்ட ‘ஆஃப்டர் டார்க்’ தொகுப்பின் பறக்கும் ரொட்டி வாட்டிகள் புகழ்பெற்றன. 1994இல் வந்த விண்டோஸ் என்டி 3.5இல் முப்பரிமாணக் குழாய்கள் திரை முழுதும் பின்னிப் படர்ந்தன. அக்குழாய்களை வரையச் செயலி கடுமையாக உழைக்க வேண்டியிருந்ததால், ஆளில்லாத சேவையகங்களில் அவற்றை இயக்க வேண்டாம், வெற்றுத் திரையே போதும் என்று அறிவுறுத்தும் நிலை வந்தது. யாரும் பார்க்காத படத்தை வரைவதற்காக, பலர் காத்திருக்கும் வேலை தாமதப்பட்டது.

அந்த வீணான உழைப்பை நேர்மாறாகத் திருப்பியது 1999 மே 17இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து வெளியான ‘செட்டி அட் ஹோம்’. அரெசிபோ வானொலித் தொலைநோக்கி திரட்டிய தரவைச் சிறு துண்டுகளாக்கி, தன்னார்வலர்களின் கணினிகளுக்கு அது அனுப்பியது. திரைக்காப்பு தொடங்கும் வேளையில் கணிப்பும் தொடங்கும். பயனர் திரும்பியதும் நின்றுவிடும். ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இதில் இணைந்தனர். 2020 மார்ச் 31இல் புதிய தரவு அனுப்புவது நிறுத்தப்பட்டது. வேற்றுலக அறிவுயிர்களின் குறிகை எதுவும் உறுதிப்படவில்லை. ஆனால் சும்மா இருக்கும் கணினி நேரம் ஒரு பொதுவளம் என்னும் எண்ணம் நிலைபெற்றது. 2000இல் தொடங்கிய ‘ஃபோல்டிங் அட் ஹோம்’ அதே எண்ணத்தைப் புரத மடிப்பு ஆய்வுக்குப் பயன்படுத்தியது. ஒரு நிரல் திரைக்காப்பைக் கட்டுப்படுத்துவது என்னும் உறவு இங்குத் தலைகீழாகி, திரைக்காப்பே மற்றொரு நிரலின் தொடக்க விசையானது.

மிக ஆழமான மாற்றம் கடவுச்சொல்லால் நேர்ந்தது. இருண்ட திரையை விலக்கக் கடவுச்சொல் கேட்கத் தொடங்கிய நாளில், காக்கப்படும் பொருள் மாறியது. இதுவரை காக்கப்பட்டது பாஸ்பர் பூச்சு; இனிக் காக்கப்படுவது திரைக்குப் பின்னுள்ள தரவு. கட்டண அட்டைத் தொழில்துறையின் தரவுப் பாதுகாப்புத் தரம், 15 நிமிடம் செயலற்றிருந்தால் பயனர் மீண்டும் தம்மை உறுதிப்படுத்த வேண்டும் என்று விதிக்கிறது. இத்தகைய விதிகள் நிறுவனங்களின் கணினிகளில் கொள்கையாக அமைக்கப்படுகின்றன. விண்டோஸின் பிற்காலப் பதிப்புகளில், கடவுச்சொல் பாதுகாப்பு கொள்கை வழியாக விதிக்கப்பட்டிருந்தால், முன்னணிச் சாளரம் என்ன விடை சொன்னாலும் திரைக்காப்பு தொடங்கும். பழைய உரையாடலின் இலக்கணம் இங்கு முறிகிறது. கேள்வி கேட்கப்படுகிறது, விடைக்குப் பொருள் இல்லை.

இம்மாற்றத்துக்கு நியாயம் இல்லாமல் இல்லை. சாட்சி சொல்லும் நிரல் நம்பத்தக்கதா என்பதை இயக்குதளம் அறிய வழியில்லை. மேலும் பூட்டுகின்ற நிரலும் ஒரு நிரலே. அதுவும் பிழைக்கு ஆட்படும். எக்ஸ் முறைமையில் திரைப்பூட்டு என்பது மற்றச் சாளரங்களின் மேல் விரிக்கப்பட்ட இன்னொரு சாளரம்தான். அந்நிரல் முறிந்தால் போர்வை விலகி, உள்ளிருப்பவை அனைத்தும் வெளிப்படும். 1992 முதல் ‘எக்ஸ்ஸ்கிரீன்சேவர்’ நிரலை உருவாக்கிப் பேணிவரும் ஜேமி சவின்ஸ்கி இந்த இடரைப் பலகாலமாக எடுத்துரைத்து வந்தார். 2021 சனவரியில் லினக்ஸ் மின்ட்டில் அது மெய்யானது. குழந்தைகள் விசைப்பலகையிலும் திரைவிசைகளிலும் கண்டபடி தட்டி விளையாடியபோது பூட்டு நிரல் முறிந்து, கடவுச்சொல் இன்றியே கணினி திறந்துகொண்டதாக ஒரு தந்தை அறிவித்தார். பிழை ஆராயப்பட்டுத் திருத்தப்பட்டது. பின்னர் வேலண்ட் முறைமைக்கென வகுக்கப்பட்ட அமர்வுப் பூட்டு நெறிமுறை இந்த அடிப்படையையே மாற்றியது. பூட்டு நிரல் மடிந்தாலும் திரை பூட்டிய நிலையிலேயே நிற்கும்.

பூட்டு இறுகிய அதே காலத்தில், நிரல்கள் விலக்குக் கேட்கும் முறையும் பண்பட்டது. லினக்ஸ் மேசைச் சூழல்களுக்கெனப் பொதுவாக வகுக்கப்பட்ட இடைமுகத்தில், திரைக்காப்பைத் தடுக்க விரும்பும் நிரல் இரண்டு செய்திகளைத் தர வேண்டும்: தன் பெயர் ஒன்று, காரணம் மற்றொன்று. விடையாக அதற்கு ஓர் அடையாள எண் கிடைக்கும். பணி முடிந்ததும் அந்த எண்ணைத் திருப்பிக் கொடுத்துத் தடையை நீக்க வேண்டும். இடையில் நிரல் முறிந்தால், அதன் இணைப்பு அறுந்ததை உணர்ந்து முறைமையே தடையை விலக்கிவிடும். விண்டோஸிலும் மின்விசை மேலாண்மைக் கட்டளை ஒன்றின் வழியாக, இப்போது எந்த நிரல் எதற்காகக் கணினியை விழித்திருக்கச் செய்கிறது என்ற பட்டியலைப் பார்க்கலாம். ஆப்பிள் 2012இல் தன் இயக்குதளத்தில் இதற்கெனச் சேர்த்த கட்டளைக்கு ‘கேஃபினேட்’ என்றே பெயரிட்டது. உலாவிகளும் இவ்வழிக்கு வந்தன. திரையை விழித்திருக்கச் செய்ய, கண்ணுக்குத் தெரியாத ஒரு நிகழ்படத்தை ஓடவிடும் தந்திரத்தை இணையப் பக்கங்கள் முன்பு கையாண்டன. 2020இல் குரோம் உலாவியில் இடம்பெற்ற திரை விழிப்புப் பூட்டு, அதே தேவையை வெளிப்படையாகக் கேட்க வழி செய்தது. அந்தப் பக்கம் மறைக்கப்பட்டவுடன் அனுமதி தானே நீங்கும்.

அடாரியின் சுழியத்தோடு இதனை ஒப்பிட்டால் வளர்ச்சி விளங்கும். அன்று யார் இட்டது, ஏன் இட்டது என்பது எங்கும் பதிவாகவில்லை. இன்று அந்த வேண்டுகோளுக்கு எழுவாய் உண்டு, காரணம் உண்டு, முடிவும் உண்டு. பொறுப்புடைய ஒரு வாக்கியத்தின் உறுப்புகள் இவை.

இவ்வரலாற்றில் சொல்லாய்வுக்கும் இடமுண்டு. ஆங்கிலப் பெயரில் உள்ள வினைக்குக் காத்தல், சேமித்தல் என இரு பொருளும் உண்டு. தமிழில் திரைக்காப்பு, திரைசேமிப்பான் என இருவகை ஆக்கங்களும் வழங்குவதற்கு இதுவே காரணம். தோற்றக் காலத்து நோக்கத்தைக் கருதினால் காப்பு என்பதே பொருந்தும். அங்கு எதுவும் சேமித்து வைக்கப்படவில்லை. காப்பு என்னும் சொல்லோ தமிழில் அகன்ற பரப்புடையது. நூலின் தொடக்கத்தில் அமையும் செய்யுள் காப்பு, திருவிழாவுக்குமுன் மணிக்கட்டில் கட்டுவது காப்பு, கைவளையும் காப்பு. எள்ளின் நெய்யைக் குறித்த எண்ணெய் என்னும் சொல், தேங்காய் எண்ணெய்க்கும் மண்ணெண்ணெய்க்கும் விரிந்ததுபோல, பாஸ்பர் பூச்சைக் காத்தலைக் குறித்த பெயர் தரவைக் காத்தலுக்கும் விரிந்தது. நீர்மப் படிகத் திரைகள் பரவியபின் பழைய தேய்மானம் பெருமளவு நீங்கிவிட்டது. 2011இல் வெளியான நோம் மூன்றாம் பதிப்பு, அசையும் படங்களைக் கைவிட்டு வெற்றுத் திரையையும் பூட்டையும் மட்டுமே வைத்துக்கொண்டது. கரிம ஒளியுமிழ் திரைகளில் நிலைப்படப் பதிவு என்னும் பழைய இடர் மீண்டும் தலைகாட்டுகிறது. பொருள் போய் வந்தது. பெயர் இருந்த இடத்திலேயே இருந்தது.

காக்கப்படுவது எது என்ற கேள்வி இன்று மூன்றாம் கட்டத்தை எட்டியிருக்கிறது. செயலற்ற நேரத்தை அளக்கும் அதே எண்ணி, பணியாளரை அளக்கும் கருவியாகவும் ஆகியுள்ளது. வீட்டிலிருந்து வேலை செய்யும் முறை பரவியபோது, சுட்டியைத் தானாக அசைக்கும் சிறு கருவிகளும் நிரல்களும் பரவின. விசைப்பலகைச் செயலைப் போலியாகக் காட்டினர் என்னும் குற்றச்சாட்டின் பேரில், அமெரிக்க வங்கி ஒன்று பன்னிரண்டுக்கும் மேற்பட்டோரைப் பணிநீக்கியதாக 2024இல் செய்தி வந்தது. அங்கு நேர்மை குறித்த கேள்வி உண்டு. ஆனால் அளவுகோல் குறித்த கேள்வியும் உண்டு. படிப்பதும் சிந்திப்பதும் கேட்பதும் அந்த எண்ணியில் பதிவாவதில்லை. எழுவாய் வேற்றுமைக்கு உருபு இல்லை. அதனால் அது வேற்றுமை அன்று என்று எந்த இலக்கண ஆசிரியரும் சொல்லவில்லை. புறக்குறி இல்லாத இடத்தில் பொருளும் இல்லை என்று கொள்வது, மொழியிலும் பணியிலும் ஒரே பிழை.

ஆய்வு மாணவர்களுக்கு இதில் நடைமுறைப் பயன்களும் உண்டு. 1969இல் மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் தொடங்கியது முதல், இம்மண்டலத்தில் மொழித்தரவுத் தொகுப்பு ஒரு முதன்மையான ஆய்வுப் பணியாக இருந்துவருகிறது. பெரிய தரவகத்தின் மீது இரவு முழுதும் ஓட வேண்டிய கணிப்பு விடியலில் பாதியில் நின்றிருந்தால், பழி பெரும்பாலும் திரைக்காப்பின் மீது விழுகிறது. திரை இருள்வதும் கணினி உறங்குவதும் வெவ்வேறு நிகழ்வுகள். திரை இருண்டபின்னும் கணிப்பு தொடரும். கணினி உறங்கினால்தான் நிற்கும். விண்டோஸில் இவ்விரண்டுக்கும் தனித்தனி வேண்டுகோள்கள் உள்ளன. உறக்கத்தைத் தடுக்கும் வேண்டுகோள் திரைக்காப்பைத் தடுப்பதில்லை. எனவே இரவுக் கணிப்புக்குத் திரையை விழிக்கவைக்கத் தேவையில்லை. உறக்கத்தை மட்டும் தடுத்து, திரையைப் பூட்ட விட்டுவிடலாம். ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுபவருக்கோ திரை விழித்திருக்க வேண்டும். ஆனால் அவர் எழுந்து சென்றதும் அது பூட்டிக்கொள்ளவும் வேண்டும்.

இந்தக் கடைசித் தேவை சிறிதன்று. பிளிகிரிரங்கன் மலையில் ஒரு மூதாட்டி தம் குடும்பக் கதையை ஒலிப்பதிவுக்குத் தந்தபோது, ஆய்வுக்காக என்னும் ஒப்புதலின் பேரிலேயே தந்தார். ஆய்வகத்தில் அனைவரும் கடந்துசெல்லும் மேசையில், திரைக்காப்பை முற்றிலும் அணைத்துவிட்ட கணினியில் அக்கதை திறந்து கிடப்பது அந்த ஒப்புதலின் எல்லையை மீறுவதாகும். இடையூறு தாளாமல் விதியையே நீக்கிய பழைய நிரல்களின் தவற்றை ஆய்வாளரும் செய்யலாகாது. கேட்கும் நேரத்துக்கு மட்டும் விலக்குப் பெற்று, முடிந்ததும் அதனைத் திருப்பித் தருவதே முறை. காப்பு என்னும் சொல் முதலில் திரைக்கு உரியதாக இருந்தது. இன்று அது தம் குரலை நம்பி ஒப்படைத்தவருக்கும் உரியது.